கால்வாய் நகரில் மூன்று நாள்: அம்ஸ்ரர்டாமும் எமது பதிவேடுகளும்

யாழ்ப்பாணத்துக் கடலில் ஒரு காலத்தில் அம்ஸ்ரர்டாம் என்ற பெயரில் ஒரு தீவு இருந்தது. இன்று நாம் காரைநகர் என்று அழைக்கும் காரைதீவே அது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையைச் சூழ்ந்திருந்த தீவுகளுக்குத் தமது ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் என்றும், அனலைதீவு றொட்டர்டாம் என்றும், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்றும் அவர்களது வரைபடங்களில் இடம்பெற்றன. இவற்றுள் அம்ஸ்ரர்டாம், மிடில்பேர்க், றொட்டர்டாம், டெல்ஃப்ட் ஆகிய நான்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கிளைச் சபைகள் அமைந்திருந்த நகரங்கள் என்பது கவனிக்கத்தக்கது. முதலிட்டவர்களின் ஊர்ப் பெயர்கள், முதல் பெருகிய இடத்துக்கு இடப்பட்டன. ஒல்லாந்தர் போன பின்னர் அப்பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில வரைபடங்களில் நெடுந்தீவின் பெயராக இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லண்டனிலும் பரிஸிலும் ஜேர்மன் நகரங்களிலும் வாழும் எம்மவர் பலர், நீண்ட வார இறுதி கிடைத்தால் அம்ஸ்ரர்டாமுக்குச் சென்று வருகின்றனர். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் உறவினரைப் பார்க்க ஐரோப்பா வருவோரும் இரண்டு மூன்று நாள்களை அந்நகருக்கு ஒதுக்குகின்றனர். படகில் ஒரு சுற்று, காற்றாலையின் முன்னால் ஒரு படம், ரியூலிப் பூக்கள், பாற்கட்டி என்று பயணம் முடிந்துவிடுகிறது. அதில் தவறில்லை. எனினும் ஈழத்திலோ சோழமண்டலக் கரையிலோ வேர்கொண்ட ஒருவருக்கு அந்நகரம் காட்டக்கூடியது அதைவிட அதிகம். அம்ஸ்ரர்டாம் பதிவேடுகளால் எழுந்த நகரம். யார் எவ்வளவு முதலிட்டார், எந்தக் கப்பலில் என்ன ஏற்றப்பட்டது, என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதெல்லாம் அங்கே எழுதிவைக்கப்பட்டன. அப்பதிவேடுகளின் மறுபக்கத்தில் இருப்பது எமது கரை. மூன்று நாள் பயணத்தை வகுத்துக்கொள்ள விரும்புவோருக்கு, இரு பக்கங்களையும் சேர்த்துப் பார்ப்பதற்கான ஒரு வழியை இங்கே தருகிறேன்.

புறப்படுமுன்

இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஷெங்கன் விசா வேண்டும். லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக நேரடிப் புகையிரதம் உண்டு. ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பயணம். பரிஸிலிருந்தும் கொலோனிலிருந்தும் அதைவிடக் குறைந்த நேரமே எடுக்கும். விமானத்தில் வருவோர் இறங்குவது ஸ்கிப்போல் நிலையத்தில். அங்கிருந்து நகரின் மத்திய நிலையத்துக்குப் புகையிரதத்தில் கால் மணித்தியாலம் அளவே செல்லும். ஸ்கிப்போலில் விமானம் தரைதொடும்போது நீங்கள் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்நிலம் 1852 வரை ஓர் ஏரியின் அடித்தளமாக இருந்தது. நீரை இறைத்து வெளியேற்றிப் பெற்ற தரையில்தான் பின்னர் விமான நிலையம் அமைந்தது.

ரியூலிப் வயல்களைக் காண விரும்புவோர் ஏப்ரில் நடுப்பகுதியில் செல்வது நல்லது. ஆனால் ஏப்ரில் 27 அரசர் தினம். அன்று நகரம் முழுவதும் செம்மஞ்சள் உடையணிந்த கூட்டத்தால் நிறைந்துவிடும். அமைதியாக வரலாறு பார்க்க விரும்புவோருக்கு செப்ரெம்பரே ஏற்றது. நகரினுள் தங்குமிடம் விலை அதிகம். புகையிரதத்தில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடக்கூடிய ஹார்லெமில் தங்கினால் செலவு குறையும். அதுவும் அழகிய பழைய நகரமே. முக்கியமாக ஒன்று: ஆன் பிராங்க் இல்லத்துக்கான நுழைவுச்சீட்டு இணையத்தில் மட்டுமே விற்கப்படுகிறது. சில வாரங்களுக்கு முன்னரே முடிந்துவிடும். எனவே விசாவும் புகையிரதச் சீட்டும் கைக்கு வந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை அதுவே.

இன்னொரு எச்சரிக்கை. அந்நகரில் துவிச்சக்கரவண்டிக்கே முதலிடம். செந்நிறத்தில் இருக்கும் ஒடுங்கிய பாதை நடப்பதற்குரியது அல்ல. படம் எடுப்பதற்காக அதில் நின்று ஏச்சு வாங்குவோர் நாள்தோறும் உண்டு.

முதல் நாள்: தூண்களும் முதலீட்டாளரும்

அம்ஸ்ரெல் ஆற்றுக்கு இடப்பட்ட அணையே அம்ஸ்ரர்டாம். அணைக்கு ஒல்லாந்த மொழியில் டாம் என்று பெயர். 1275 ஒக்ரோபர் 27இல் ஹொலாண்ட் பிரபு ஐந்தாம் புளோறிஸ், அணையருகே வாழ்ந்த மக்களுக்குச் சுங்கவரி விலக்கு அளித்த ஆவணத்தில்தான் இவ்வூரின் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. அந்த ஆவணத்தைப் பிறந்தநாளாகக் கொண்டு நகரம் 2025இல் தனது 750ஆவது ஆண்டைக் கொண்டாடியது. ஒரு நகரம் தனது பிறப்பை வரி ஆவணம் ஒன்றிலிருந்து கணக்கிடுவது அதன் இயல்பை நன்றாகவே காட்டுகிறது.

மத்திய நிலையத்திலிருந்து நேரே நடந்தால் பத்து நிமிடத்தில் டாம் சதுக்கம் வந்துவிடும். அங்குள்ள அரண்மனை உண்மையில் அரசருக்காகக் கட்டப்பட்டதன்று. 1648இல் தொடங்கி வணிகர்கள் தமக்காகக் கட்டிய நகர மண்டபம் அது. சேற்று நிலத்தில் அவ்வளவு பாரமான கல் மாளிகையை நிறுத்துவதற்கு 13,659 மரத்தூண்கள் அடிக்கப்பட்டன. ஆண்டின் 365 நாள்களுக்கு முன்னே 1ஐயும் பின்னே 9ஐயும் சேர்த்து அங்குள்ள பாடசாலைப் பிள்ளைகள் இத்தொகையை மனனம் செய்வர். பழைய அம்ஸ்ரர்டாம் முழுவதும் இப்படித்தான் நிற்கிறது. மேலேயுள்ள சேற்றுப்படையை ஊடுருவி, கீழேயுள்ள மணற்படையைத் தொடும் வரை தூண்கள் இறக்கப்பட்டன. நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும் வரை அம்மரம் உக்காது. கால்வாயின் நீர்மட்டம் குறைந்தால் மரம் காற்றுப்பட்டு உக்கத் தொடங்கும். அதனாலேயே நீர்மட்டத்தைக் காப்பது அந்நகருக்கு உயிர்ப் பிரச்சினை.

அரண்மனையைச் சுற்றி அதன் பின்பக்கத்துக்குச் செல்லுங்கள். உச்சியில் உலக உருண்டையைச் சுமந்து நிற்கும் அற்லஸ் சிலையும், அதற்குக் கீழே முக்கோண முகப்பில் ஒரு புடைப்புச் சிற்பமும் தெரியும். நடுவே அமர்ந்திருக்கும் பெண் அம்ஸ்ரர்டாம் நகரம். ஆசியா உட்பட நான்கு கண்டங்களும் தமது பொருள்களைக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்கின்றன. கொடுப்பவர்கள் விரும்பிக் கொடுப்பதாகவே சிற்பி காட்டியிருக்கிறார்.

அங்கிருந்து சில நிமிட நடையில் நெஸ் என்ற ஒடுங்கிய தெரு இருக்கிறது. 1602 மார்ச் 20இல் கிழக்கிந்தியக் கொம்பனிக்குச் சாசனம் வழங்கப்பட்டபின், டேர்க் வான் ஒஸ் என்ற வணிகரின் நெஸ் தெரு வீட்டில் பங்கு எழுதும் ஏடு விரிக்கப்பட்டது. அம்ஸ்ரர்டாம் சபையில் மட்டும் 1,143 பேர் பெயர் பதிந்தனர். சேர்ந்த தொகை 36 லட்சத்து 74 ஆயிரம் கில்டருக்கு மேல். ஆறு சபைகளின் மொத்த முதலில் பாதிக்கும் அதிகம். பெரும் வணிகருடன் தச்சரும் ரொட்டிக் கடைக்காரரும் எழுதினர். ஏட்டின் கடைசிப் பெயர்களில் ஒன்று நேல்ட்கன் கொர்னேலிஸ். அவர் அந்த வீட்டு வேலைக்காரப் பெண். தனது சேமிப்பிலிருந்து 100 கில்டர் முதலிட்டார். நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வேலைக்காரப் பெண்ணின் பெயரும் முதலீட்டாளர் ஏட்டில் எழுதப்பட்டது என்பது வியப்புக்குரியதே. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெஸ் தெருவிலிருந்து கிழக்கே நடந்தால் அவுட ஹோஹ்ஸ்ட்ராற் என்ற தெருவில் கொம்பனியின் தலைமை மாளிகையின் வாயில் இருக்கிறது. 1606இல் கட்டப்பட்ட இக்கட்டடம் இன்று அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்துக்கு உரியது. செங்கல் சுவர் சூழ்ந்த முற்றத்தில் மாணவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போவார்கள். கொம்பனியை நடத்திய பதினேழு கனவான்கள் கூடிய மண்டபம் இங்கேதான் இருந்தது. பதினேழு இடங்களில் எட்டு அம்ஸ்ரர்டாம் சபைக்குரியவை. கோட்டை கட்டவும், படை வைத்திருக்கவும், அரசர்களுடன் உடன்படிக்கை செய்யவும், போர் தொடுக்கவும் சாசனம் இக்கொம்பனிக்கு அதிகாரம் அளித்திருந்தது. கொழும்பு 1656இலும், மன்னாரும் யாழ்ப்பாணமும் நாகபட்டினமும் 1658இலும் வீழ்ந்தன. 1658ஆம் ஆண்டுப் படைகளை நடத்திய றைக்லொவ் வான் கூன்ஸ் கணக்குக் காட்டவேண்டியிருந்தது இந்த மண்டபத்துக்குத்தான். ஆள் சேர்ப்பும் இம்மாளிகையில் நடந்தது. இரு நூற்றாண்டுகளில் கொம்பனிக் கப்பல்களில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் புறப்பட்டோர் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். திரும்பி வந்தோர் அதில் மூன்றில் ஒரு பங்கினரே. ஐரோப்பிய ஏழைகளையும் அந்த வணிகம் விழுங்கியது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மாலையில் படகு ஏறலாம். ஹேரன், கைசர், பிறின்சன் என்ற மூன்று பெருங்கால்வாய்களும் பழைய நகரை அரைவட்டமாகச் சூழ்கின்றன. கனவான்கள், பேரரசர், இளவரசர் என்பது இப்பெயர்களின் பொருள். கனவான்களின் கால்வாயே நகரத்துக்கு மிக அண்மையானது; அதில்தான் பெருஞ்செல்வர் குடியிருந்தனர். 1613இல் மேற்குப் புறத்தில் தொடங்கிய வேலை, 1660களில் அம்ஸ்ரெல் ஆற்றை நோக்கி நீண்டது. 1585இல் அன்ட்வேர்ப் நகரம் ஸ்பானியர் வசமானபின் அங்கிருந்து வந்த வணிகரும், மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த போர்த்துக்கல் யூதரும், வேலை தேடி வந்தோரும் நகரை நிரப்பினர். அகதிகளால் வளர்ந்த நகரம் என்று அம்ஸ்ரர்டாமைச் சொன்னால் அது மிகையன்று. 2010இல் யுனெஸ்கோ இக்கால்வாய் வட்டத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

படகிலிருந்து வீடுகளின் உச்சியைப் பாருங்கள். கூரை முகட்டிலிருந்து வெளியே நீளும் வளையும், அதன் நுனியில் கொக்கியும் தெரியும். வாசலும் படியும் ஒடுங்கியவை என்பதால் சரக்கை வெளியிலிருந்தே கயிறு கட்டி மேலே இழுத்தனர். இழுக்கும் பொருள் சுவரில் உராயாதிருக்க வீட்டின் முகப்பையே சற்று முன்சாய்த்துக் கட்டினர். கீழே குடித்தனம், மேலே பண்டசாலை. அந்தப் பரண்களுக்கு ஏறிய சரக்குகளுள் இலங்கைக் கறுவாவும் ஒன்று.

இரண்டாம் நாள்: சரக்கும் சனங்களும்

காலையில் கடல்வழி அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். 1656இல் கடற்படைக்குக் கட்டப்பட்ட பண்டசாலை அது, நாற்புறமும் நீர். வெளியே நிற்கும் பெரிய பாய்க்கப்பல், அம்ஸ்ரர்டாம் என்ற கொம்பனிக் கப்பலின் நிகருரு. மூலக் கப்பல் 1749இல் தனது முதற் பயணத்திலேயே இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கரையில் தட்டி அழிந்தது. கீழ்த்தளத்தில் குனிந்து நடக்கும்போது, ஒரு மனிதன் நிமிரவும் முடியாத அந்த இடத்தில் மாதக்கணக்கில் எத்தனை பேர் கிடந்திருப்பர் என்பது புலப்படும்.

கொம்பனியின் வணிகம் ஆசியப் பொருளை ஐரோப்பாவுக்கு ஏற்றுவதுடன் நின்றுவிடவில்லை. ஆசியத் துறைமுகங்களுக்கு இடையிலான வணிகத்திலும் அது பெருமளவு இலாபம் பெற்றது. யாழ்ப்பாணம் இதற்கு நல்ல உதாரணம். வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்த வணிகருக்கு விற்கப்பட்டன. சங்கும் சாயவேரும் பனைமரமும் மன்னார் முத்தும் வருவாய் தந்தன. சோழமண்டலக் கரையில் வாங்கிய துணி பத்தேவியா சென்று, அங்கே வாசனைத் திரவியங்களுக்கு மாற்றப்பட்டது. அம்ஸ்ரர்டாமில் இறங்கிய ஒரு மூடை சாதிக்காயின் விலையில் யாழ்ப்பாணத்து யானையும் தஞ்சை நெசவாளியின் உழைப்பும் அடங்கியிருந்திருக்கலாம்.

சரக்குகளில் மனிதரும் இருந்தனர். அற்லாண்டிக் கடலில் நடந்த அடிமை வணிகத்தை உலகம் அறியும். இந்து சமுத்திரத்தில் ஒல்லாந்தர் நடத்திய அடிமை வணிகம் எம்மவருக்கே அதிகம் தெரியாது. பீஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சை நாயக்கர் நாடு சூறையாடப்பட்டு, 1659 தொடக்கம் 1661 வரை பஞ்சம் நிலவியபோது, பட்டினியால் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கான மக்களை நாகபட்டினம் முதலிய துறைகளில் கொம்பனி வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்கும், ஏனையோர் பத்தேவியா, மலாக்கா ஆகிய இடங்களுக்கும் கப்பலேற்றப்பட்டனர். பின்வந்த பஞ்சங்களிலும் இது தொடர்ந்தது. தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றப் பதிவேடுகளில் வான் கோரமண்டல், வான் சிலோன், வான் மலபார் என்ற பெயருடையோரைக் காணலாம். வான் என்றால் ஒல்லாந்த மொழியில் இன்ன இடத்தைச் சேர்ந்தவர் என்று பொருள். எசமானர் இட்ட ஒரு முதற்பெயர், அதன் பின் பிடித்துவரப்பட்ட கரையின் பெயர், அவ்வளவே. தாய் தந்தையர் இட்ட பெயர் அங்கே இல்லை. நெஸ் தெரு ஏட்டில் வேலைக்காரப் பெண் நேல்ட்கன் தனது பெயருடன் இருக்கிறார். நாகபட்டினத்தில் கப்பலேறிய பெண்கள் தொகையாக மட்டுமே இருக்கின்றனர்.

கொழும்பில் கொம்பனித்தெரு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத்தீவு என்றே பெயர். கொம்பனியின் அடிமைகள் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். தமிழ்ப் பெயரில் கொம்பனி எஞ்சியது. ஆங்கிலப் பெயரில் அடிமை எஞ்சியது.

மொழியிலும் அக்காலம் எஞ்சியிருக்கிறது. கந்தோர், நொத்தாரிசு, பிஸ்கால், போஞ்சி, துட்டு, கக்கூசு ஆகியவை ஒல்லாந்தச் சொற்களிலிருந்து வந்தவை. அம்ஸ்ரர்டாம் தெருவில் கந்தோரையும் நொத்தாரிசையும் பெயர்ப்பலகைகளில் காணும்போது, எங்கோ கேட்ட சொல் போலிருக்கிறதே என்று தோன்றினால் அது பிரமையன்று.

இந்நகரம் எமக்குத் தந்த ஒரு நூலையும் சொல்லவேண்டும். 1658இல் படையுடன் யாழ்ப்பாணம் வந்த பிலிப்பஸ் பல்டேயஸ் என்ற மதகுரு, ஆண்டுகள் பலவற்றை அங்கே கழித்தார். மலபார், சோழமண்டலம், இலங்கை ஆகியவை பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672இல் அம்ஸ்ரர்டாமில் அச்சானது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, மானிப்பாய் முதலிய ஊர்த் தேவாலயங்களின் சித்திரங்களும், தமிழ் எழுத்துகளின் படத்தகடும் அதில் உள்ளன. தமிழரின் சமயத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் வெறுப்பும் அறியாமையும் உண்டு. எனினும் 17ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தை அறிய அந்நூலின்றி இயலாது. நூலின் எண்மப் பிரதிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. பயணத்துக்கு முன் சித்திரங்களையாவது புரட்டிவிட்டுச் செல்வது பயன்தரும்.

பிற்பகலில் பிறின்சன் கால்வாய் 263ஆம் இலக்க வீடு. 1942 ஜூலை முதல் 1944 ஓகஸ்ட் 4 வரை ஆன் பிராங்க் உட்பட எட்டுப் பேர் ஒளிந்திருந்த பின்கட்டு அது. எண்மரில் உயிர் தப்பியவர் அவரது தந்தை ஒருவரே. போருக்கு முன் அம்ஸ்ரர்டாமில் வாழ்ந்த ஏறத்தாழ 80,000 யூதரில் 60,000க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். மேற்கு ஐரோப்பாவின் பிற இடங்களைவிட இங்கு அழிவு பெரிதாக இருந்ததற்கு வரலாற்றாசிரியர் காட்டும் காரணங்களுள் ஒன்று, ஒல்லாந்தரின் குடிசனப் பதிவேடு அவ்வளவு ஒழுங்காக இருந்தமை. யார் யூதர், எந்த வீட்டில் இருக்கிறார் என்பது அட்டையில் இருந்தது. இதை உணர்ந்த எதிர்ப்பியக்கத்தினர் சிலர் 1943 மார்ச் 27இல் நகரப் பதிவகத்தையே தகர்த்தனர். அவர்களில் பன்னிருவர் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1983 ஜூலையில் கொழும்பில் காடையர் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளைத் தேடிவந்ததை அறிந்த எமக்கு, பதிவேடு ஏன் தகர்க்கப்பட்டது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

அன்றிரவு உணவுக்கு ஒரு சுரினாம் கடையைத் தேடிப் பாருங்கள். ரொட்டியும் கறியும் போஞ்சியும் கிடைக்கும். 1873இல் கல்கத்தாவிலிருந்து லல்லா றூக் என்ற கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சுரினாம் சென்ற வட இந்தியரின் வழிவந்த சமையல் அது. அடிமை முறை ஒழிந்தபின் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மலையகத் தமிழரின் வரலாறு அறிந்தோருக்கு இக்கதை பழக்கமானதே.

மூன்றாம் நாள்: திரும்பி வந்த பீரங்கி, கேட்கப்பட்ட மன்னிப்பு

றைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது வேண்டும். றெம்பிராண்டின் 1642ஆம் ஆண்டு இராக்காவல் ஓவியத்தைப் பார்க்கவே பெரும்பாலோர் வருவர். 2023 வரை வந்தவர்கள் அங்கே ஓர் இலங்கைப் பொருளையும் பார்த்திருப்பர். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி அது. 1765இல் ஆளுநர் வான் எக் தலைமையில் கண்டியைச் சூறையாடிய படை எடுத்துச்சென்றது. அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்களே இலங்கை ஆய்வாளருடன் சேர்ந்து அதன் வரலாற்றைத் துருவி, கொள்ளைப் பொருள் என்று நிறுவினர். 2023 டிசெம்பரில் பீரங்கியும் வேறு ஐந்து பொருள்களும் கொழும்பில் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே அருங்காட்சியகம் 2021இல் அடிமை முறை பற்றி நடத்திய கண்காட்சியில், அற்லாண்டிக் அடிமைகளுடன் ஆசிய அடிமைகளின் வாழ்வும் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

அங்கிருந்து ஹேரன் கால்வாய்க்கு வந்து 502ஆம் இலக்க வீட்டைப் பாருங்கள். இன்று நகர முதல்வரின் உத்தியோக வாசஸ்தலம். 1670களில் இதைக் கட்டுவித்த பௌலுஸ் கொடின் மேற்கிந்தியக் கொம்பனியின் நிர்வாகி. அடிமை வணிகத்தில் பங்குகொண்டவர். நகராட்சிக்கும் நேரடிப் பங்கு இருந்தது. 1683 முதல் சுரினாம் குடியேற்றத்தின் உரிமையில் மூன்றிலொரு பாகம் அம்ஸ்ரர்டாம் நகருடையது. நகரசபையே ஆய்வாளர்களை நியமித்து இவற்றைத் தேடச் செய்து, முடிவுகளை 2020இல் நூலாக வெளியிட்டது.

பயணத்தை கிழக்குப் பூங்காவில் முடித்துக்கொள்ளலாம். 2002இல் திறக்கப்பட்ட தேசிய அடிமை நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. 2021 ஜூலை 1ஆம் திகதி நகர முதல்வர் வெம்க ஹல்சமா அங்கே நகரின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2022 டிசெம்பர் 19இல் பிரதமர் மார்க் றூட்ட அரசின் சார்பிலும், 2023 ஜூலை 1இல் அரசர் வில்லம் அலெக்சாண்டர் அதே பூங்காவிலும் மன்னிப்புக் கோரினர். சொல்லால் என்ன பயன் என்று கேட்போர் உளர். அது நியாயமான கேள்வியே. ஆனால் அச்சொல் வருவதற்கு முன் அவர்கள் தமது ஏடுகளைத் திறந்து படித்தனர் என்பதை மறுக்க முடியாது.

நாம் எமது ஏடுகளைத் திறந்து பார்த்திருக்கிறோமா? ஆளுநர் சிமொன்ஸின் பணிப்பில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்த தேசவழமை, தமிழில் பெயர்க்கப்பட்டு, யாழ்ப்பாணத்து முதலியார் பன்னிருவரால் சரிபார்க்கப்பட்டது. எமது காணிச் சட்டமாக அதன் பகுதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. அதைப் பெருமையுடன் பேசுகிறோம். அதே தொகுப்பில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. இன்ன சாதியார் அடிமைகள், எசமானுக்கு அவர்கள் செய்யவேண்டியவை எவை, அவர்களது பொருள் யாரைச் சேரும் என்று அது வகுத்துரைக்கிறது. அந்த வழமை ஒல்லாந்தர் கொண்டுவந்ததன்று. ஒல்லாந்தர் கேட்டு எழுதியது. சரி என்று ஒப்பமிட்டவர்கள் எமது பெரியவர்கள். இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்தும் கோயில் வாசலிலும் தேநீர்க்கடையிலும் அந்தப் பகுதியின் நிழல் நீங்கவில்லை. ஒல்லாந்தரிடம் கணக்குக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு. அந்த உரிமை முழுமையாக வேண்டுமானால், இந்தப் பக்கத்தையும் நாமே வாசித்தாகவேண்டும். யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதுவோர் பலர் இப்பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது இனியும் தொடரக்கூடாது.

வீடு திரும்பியபின்

கொம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஹேக் நகரிலும் கொழும்பிலும் சென்னையிலும் ஜகார்த்தாவிலும் கேப்டவுனிலும் அவை பேணப்படுகின்றன. இலங்கையில் ஒல்லாந்தர் எழுதிய தோம்புகளில், அம்ஸ்ரர்டாம் கனவான்கள் ஒருநாளும் காணாத எமது ஊர்களின் குடும்பங்களும் காணிகளும் பெயர் பெயராக இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. பின்வந்த போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுப் பெட்டிகளில் இருந்த உறுதிகளும் ஓலைகளும் அழிந்தன. 1706இல் கட்டப்பட்ட யாழ் கோட்டைத் தேவாலயமும் போரில் தரைமட்டமாயிற்று. எமது ஏடுகள் எரிந்த நிலையில், எம்மைப் பற்றி அந்நியன் எழுதிய ஏடுகளையே நாடவேண்டிய நிலை எமக்கு வந்திருக்கிறது.

ஆகவே அம்ஸ்ரர்டாம் சென்று வரும் இளையோர் ஒல்லாந்த மொழியைச் சிறிதாவது கற்க முயல்வாராயின் அது பெரும் பணியாகும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அகதிகளாக வந்து நெதர்லாந்தில் வேர்விட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அம்மொழி ஏற்கெனவே தாய்மொழி போன்றது. தோம்புகளையும் கொம்பனிக் கடிதங்களையும் நேரே வாசிக்கக்கூடிய தமிழர் தலைமுறை ஒன்று முதன்முறையாக உருவாகியிருக்கிறது. அவர்களுள் ஒரு சிலராவது இத்துறைக்கு வரவேண்டும். ஏனையோர் செய்யக்கூடியது சிறியது, ஆனால் உடனே செய்யக்கூடியது. உங்கள் வீட்டில் பழைய காணி உறுதியோ தோம்புப் பிரதியோ மிஞ்சியிருந்தால் அதைப் படம்பிடித்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அதிலுள்ள பெயர்கள் யாருடையவை என்று சொல்லக்கூடிய முதியவர் இருக்கும்போதே கேட்டு, அருகில் எழுதிவையுங்கள்.